ஓட்டுநர் அதே நிலையில் இருக்க வேண்டும்

எங்கள் லாரி பத்தொன்பது சதவீதம் டீசலை மிச்சப்படுத்தியது. பன்னிரண்டு வந்தால் போதும் என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரையில் பத்தொன்பதைப் பார்த்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். சான்றிதழ் அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் மட்டும் தட்டவில்லை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவரை நாங்கள் தசமம் என்போம், முகத்துக்கு நேராக இல்லை. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இல்லாத எந்த எண்ணையும் அவர் எண்ணாகவே மதிப்பதில்லை. முதல் நாள் டீ கொண்டு வந்தவர் அரை டம்ளர் போதுமா என்று கேட்டதற்கு, எந்த டம்ளரில் அரை என்று திருப்பிக் கேட்ட மனிதர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முதுகுக்குப் பின்னால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். இவர் சொல்வதெல்லாம் நியாயமாக வேறு இருந்து தொலைக்கும்.

பத்தொன்பது ரொம்ப அதிகம் என்றார். பிறகு இரண்டு தாள்களை எடுத்து மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று, பதினாலு மாதத்துக்கு முன் பழைய மாடல் லாரியை இதே பாதையில் ஓட்டி எடுத்த அளவு. இன்னொன்று, அன்று காலை புது லாரி கொடுத்தது. இரண்டிலும் அதே நாற்பது டன், அதே பத்துச் சுற்று, அதே அடங்கிய காற்று, அதே ஓட்டுநர். ஓட்டுநர் கண்ணயர்ந்தால் லாரி தானாக ஓரங்கட்டி நிற்க வேண்டும் என்று ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். அதற்காக அவர் நெஞ்சில் ஒரு பட்டை கட்டியிருந்தது. அந்தப் பட்டையின் கணக்குப்படி, பழைய லாரியை ஓட்டிய அன்று அவருடைய இதயம் நிமிடத்துக்கு நூற்று நாலு முறை துடித்திருக்கிறது. இன்று அறுபத்தெட்டு. அன்று ஆக்சிலேட்டரை அறுநூறு தடவைக்கு மேல் மிதித்து மிதித்து விட்டிருக்கிறார். இன்று அதில் பாதிகூட இல்லை.

"அதே டிரைவர்தான் சார்" என்றேன்.

"ஆள் அதே. நிலைமை வேற" என்றார் தசமம். "இந்தப் பத்தொன்பதுல உங்க லாரி எவ்வளவு, அவர் மனசு எவ்வளவு? பிரிச்சுக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஏழாவது பிரிவு, மூன்றாவது வரி: இரண்டு ஓட்டங்களிலும் ஓட்டுநர் அதே நிலையில் இருக்க வேண்டும். எழுதியவர்கள் காய்ச்சலையும் தூக்கத்தையும் நினைத்து எழுதியிருப்பார்கள். தசமம் எழுத்துக்கு எழுத்து நிற்பவர். ஐந்து துடிப்பு முன்பின் இருந்தால் விட்டுக்கொடுப்பேன், முப்பத்தாறு துடிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்றார்.

அப்படியானால் பழைய லாரியை இன்றைய அமைதியோடு இன்னொரு தடவை ஓட்டிக் காட்டிவிடலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பழைய லாரியை எங்கள் பாதுகாப்புப் பிரிவு போன மாதம்தான் சுவரில் மோதவிட்டு, ஓட்டுநரின் கால் பிழைக்குமா என்று பார்த்திருந்தது. அது இப்போது என் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பொட்டலமாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆக, பழைய லாரியைப் பழையபடி ஆக்க முடியாது. மனிதரைத்தான் பழையபடி ஆக்க வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையோடு ஓட்டப்பாதையில் எங்கள் முறை முடிகிறது. அதற்குள் சான்றிதழ் இல்லையென்றால் இந்த லாரியை மூட்டை கட்டி வைக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. நாலு வருட வேலை. புகைக்குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தால் வெள்ளையாகவே திரும்பி வரும். குறுக்கே ஆள் வந்தால் ஓட்டுநரின் கால் யோசிப்பதற்கு முன் பிரேக் பிடிக்கும். கூரையில் காற்றை வழுக்கிவிடும் அந்த வளைவை வரைந்தவள் நான். ஓட்டங்களுக்கு நாள் குறிப்பவளும் நான்தான்.

ஓட்டுநர் என் அக்காவின் கணவர். பதினைந்து வருடம் தொலைதூர லாரி ஓட்டியவர். அவரை இங்கே சேர்த்துவிட்டது நான். அதனால் அன்றைய நூற்று நாலுக்கு வீட்டில் ஏதாவது காரணம் உண்டா என்று தசமம் கேட்டபோது, அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதே நாள் அக்கா வீட்டை விட்டு வந்துவிட்டாள்.

அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. பரிசோதனை முடிவைக் கேட்க அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கூட வாங்க என்று மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். லாரி டெஸ்ட் இருக்கிறது, நீ தனியாகப் போய்விட்டு வா, என்ன ஆகிவிடப் போகிறது என்றாராம். லீவாவது கேட்டீர்களா என்றதற்கு, கேட்கவில்லை என்றாராம். என்னிடம் அக்கா முன்கூட்டி எதையும் சொல்லவில்லை, வேலை நேரத்தில் பயமுறுத்த வேண்டாம் என்று. மூன்று மணி நேரம் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டி ஒன்றுமில்லை என்று வந்தது. அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கட்டிக்காக வரவில்லை, அந்தக் 'கேட்கவில்லை'க்காக வந்தாள். பதினோரு மாதம் என்னோடு இருந்தாள். நான் ஒவ்வொரு வேளையும் சோற்றோடு சேர்த்து, அந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்றும் பரிமாறினேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஏதோ துணி எடுக்க அங்கே போனவள் திரும்பி வரவில்லை. மறுநாள் என் போர்வையை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் விருந்தாளிபோல நடத்திக்கொண்டு சுமுகமாக இருக்கிறார்கள். அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. அந்த அமைதிதான் அறுபத்தெட்டு. அதைக் கலைத்தால் அக்கா மறுபடி கிளம்பிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

ஆகவே முதலில் வேறு வழிகளைப் பார்த்தோம். மாமாவை லாரியைச் சுற்றி ஓடவிட்டோம். நூற்று நாற்பது வரை போனது. ஏறி உட்கார்ந்து பெல்ட் போடுவதற்குள் அறுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. நாலு கப் கெட்டிக் காப்பி கொடுத்தோம். மூன்றாவது சுற்றில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றுக்குப் போனார். கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவரே அவரைத் திட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

தலைவருக்கு வழவழா என்று பெயர். லாரியில் துருத்திக்கொண்டிருக்கும் எதையும் அவருக்குப் பிடிக்காது. கண்ணாடி, கைப்பிடி, குமிழ் எல்லாவற்றையும் இழைத்து வழவழவென்று ஆக்கிவிடுவார். பேச்சும் அப்படித்தான், பிடித்துக்கொள்ள ஒரு முனைகூட இருக்காது. அவர் பத்து நிமிடம் மாமாவைத் திட்டினார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் துடிப்பு அறுபத்தொன்றுக்கு இறங்கியது. பதினைந்து வருடம் சரக்குக் கிடங்குகளில் திட்டு வாங்கிய மனிதருக்கு அது தாலாட்டு. கண்ணயர்வைக் கண்டுபிடிக்கும் கருவி, ஆள் தூங்குகிறார் என்று மணி அடித்தது.

புதன்கிழமை அக்காவை வரவழைத்தார்கள். நான் கூடாது என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

வாசலில் காவலர் அவளை விடவில்லை. ஓட்டப்பாதைக்குள் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை, வாகனங்களுக்கும் ஊழியருக்கும் சோதனைக் கருவிகளுக்கும் மட்டும்தான் என்றார். தன் பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்தான் இருக்கின்றன, தான் என்ன செய்வது என்றும் கேட்டார். அரை மணி நேரம் யோசித்து அக்காவைக் கருவி என்று பதிந்தோம். கருவி என்றால் அளவு சரிபார்த்த சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது. அதையும் ஒன்று அச்சடித்து, எடை, உயரம் எல்லாம் எழுதி, அவள் கைப்பையில் ஒட்டினோம். அக்கா அதைப் படித்தாள். அடுத்த சரிபார்ப்பு ஒரு வருடம் கழித்து என்று இருந்தது. "அதுவரைக்கும் நான் சொல்றதெல்லாம் சரின்னு அர்த்தமா?" என்று கேட்டாள். தசமம் ஆம், கூடக் குறைய இரண்டு சதவீதம் என்றார்.

சண்டைக்கான வாசகத்தை வழவழா எழுதி வைத்திருந்தார். ஓய்வறையில் மாமா நெஞ்சுப் பட்டையோடு ஒரு நாற்காலியில், அக்கா எதிரே தாளோடு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்: தங்களுடைய குடும்பப் பொறுப்பில் காணப்படும் கீழ்க்கண்ட குறைபாடுகளைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மாமா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். அறுபத்தாறு.

அக்கா தாளை மடித்து வைத்துவிட்டுத் தானாகவே ஈரத்துண்டில் ஆரம்பித்தாள். கட்டிலில் ஈரத்துண்டைப் போடுவது இத்தனை வருடத்தில் நின்றதா என்றாள். பற்பசைக்கு மூடி போடத் தெரியாதவர்கள் துண்டைப் பற்றிப் பேசலாமா என்றார் மாமா. எண்பத்திரண்டு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வழவழாவுக்கு ஆசை தாங்கவில்லை. நடுவில் புகுந்து, அம்மா கொஞ்சம் சத்தமாகத் திட்டினால் நன்றாக இருக்கும், பதிவாகவில்லை என்றார். இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். ஒரு குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா என்பதில் தொடங்கி, அவருடைய சட்டைப் பொத்தான் வரைக்கும் இருவரும் மாற்றி மாற்றி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நூற்று இருபத்தொன்பது. அதன் பிறகு கருவியும் ஓட்டுநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அறுபத்தைந்து.

தசமம் வெகுநேரம் தாளைப் பார்த்தார்.

"கோபம்னா நூத்தி இருபத்தொன்பது" என்றார். "அப்போ நூத்தி நாலு கோபம் இல்லை. வேற ஏதோ."

அந்த நாளின் ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கொட்டாவிச் சத்தத்தைப் பிடிப்பதற்காக ஓட்டுநர் அறையில் ஒரு மைக் வைத்திருந்தோம். அன்று கொட்டாவியே வராததால் அதை யாரும் கேட்கவில்லை. குரல் பழக்கமானவள் நீதான், நீயே கேட்டு எழுதிக் கொடு என்று என் தலையில் கட்டினார்கள்.

வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு டயர் கிடங்கில் போய் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எஞ்சின் உறுமலுக்கு நடுவில் மாமாவின் குரல். தனியாகப் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். திட்டவில்லை. மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் என்ன சொல்வது என்று ஒன்று சொல்லிப் பார்ப்பார், இது சரியில்லை என்பார், ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சுற்றுக்கு ஐந்தாறு மன்னிப்பு. பத்துச் சுற்றும் அதேதான். அவர் அன்று வீடு போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஆளில்லை.

ஆறாவது சுற்றில் இப்படி இருந்தது: "லீவு கேக்கலைன்னு சொன்னேன் பாரு, அது பொய். கேட்டேன். நேத்தே கேட்டேன். கேட்டேன்னு சொன்னா, யாருகிட்டன்னு கேப்ப. உன் தங்கச்சிகிட்டதான்னு நான் எப்படிச் சொல்றது?" ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்கும் சத்தம். பிறகு, "வேணாம். அதை விட்டுடுவோம். முதல்லேர்ந்து" என்றார்.

பதிவைப் பின்னால் ஓட்டி நாலு தடவை கேட்டேன். எனக்கு நினைவு வந்தது. அந்த ஓட்டத்துக்கு முந்தைய சாயங்காலம் மாமா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கு ஓட்டத்தை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா என்றார். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. நாளைக்குத்தான் காற்று அடங்குகிறது, ஆள் மாற்றினால் அளவு கெட்டுவிடும், முடியாது மாமா என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. சரி என்று போய்விட்டார். அதோடு மறந்தும் போனேன். அதன் பிறகுதான் பதினோரு மாதம் அவரை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று கரித்துக்கொட்டினேன்.

 நேராக அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஆறாவது சுற்றுக்கு நேராக 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று எழுதி, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சண்டையைவிட மன்னிப்பு எவ்வளவோ மேல் என்று வழவழாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. மறுநாள், வெள்ளிக்கிழமை, ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டபடியே ஓட்டுவார் என்று படிவத்தில் எழுதினார்கள். மாமாவைத் தனியாகப் பேசவிட்டுப் பார்த்தோம்: எழுபத்து நாலு. யாரும் கேட்காமல் சொன்னால் எப்படி ஏறும் என்று அவரே கேட்டார். அக்கா கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேட்பது என்று முடிவானது. அவளுக்குக் கேட்கும், அவள் பேச வேண்டுமானால் மேசையில் இருக்கும் மைக்கின் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் என் கைக்குக் கீழே. அழுத்தக் கூடாது என்று உத்தரவு.

உனக்கு விருப்பமில்லையென்றால் வேண்டாம் அக்கா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். உண்மையில் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"கேக்கறேனே" என்றாள் அக்கா. "பதினாலு மாசமா அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை காற்று சொல்லி வைத்ததுபோல் அடங்கியிருந்தது. லாரி கிளம்பியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஈரத்துண்டுக்கு மன்னிப்புக் கேட்டார். எண்பத்தொன்பது. கல்யாணமான புதிதில் மூன்று மாதம் வீட்டுப் பக்கமே வராமல் சரக்கு ஓட்டியதற்குக் கேட்டார். தொண்ணூற்றாறு. அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அறையில் ஒலிபெருக்கியும் ஓடியது. அடுத்தவர் வீட்டு விஷயத்தை எட்டுப் பேர் வேலை என்ற பெயரில் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலாவது சுற்றில் நூற்று மூன்று. தசமம் எழுதிக்கொண்டார். திரையின் இன்னொரு மூலையில் மிச்சம் பன்னிரண்டரையைத் தொட்டு நின்றது. எங்கள் லாரி, மனதைக் கழித்துவிட்டாலும், தேறிக்கொண்டிருந்தது. வழவழா என் தோளைத் தட்டினார்.

ஏழாவது சுற்றில் மாமா ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வந்தார். என்ன ஆகிவிடப் போகிறது என்று சொன்னது தப்பு, தனக்கே பயமாக இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டாவது சுற்றில், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். அவள் போன பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று விசாரித்து, அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். நூற்று நாலு. தசமம்கூடப் பேனாவைக் கீழே வைத்தார்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. எதை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாவது சுற்று ஆரம்பத்தில் மாமா அதைச் சொன்னார்.

"லீவு கேட்டீங்களான்னு கேட்ட. கேக்கலைன்னேன். கேக்காம விட்டது தப்புதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முகம் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிட்டது.

"கேக்கணும்னுகூடத் தோணலை இவருக்கு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நாற்காலியில போய் உட்கார்ந்தா ஆச்சா? நான் உன் வீட்டுக்கே வந்துடறேன். சாவியைக் குடு."

நான் வழவழாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவர் குனிந்து என் காதோடு சொன்னார்: சாவியைக் கொடுத்து அனுப்பிவிடு, அவருக்குத்தான் இங்கே நடப்பது தெரியாதே, பேசிக்கொண்டேதான் இருப்பார், மற்றதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். அதில் தப்பு என்ன என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. பையிலிருந்து சாவியை எடுத்தும் விட்டேன். அக்கா கையை நீட்டினாள். ஒலிபெருக்கியில் மாமா, கேட்டிருக்கலாம், கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நூற்று நாலு, நூற்று நாலு, நூற்று ஐந்து. நாலு வருடமாக நான் இழைத்த வளைவு வெயிலில் மின்னிக்கொண்டு தூரத்துத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவளுக்குச் சோறு போட்டு, போர்வையை எடுத்துக் கொடுத்து, அந்த ஆள் திருந்தவே மாட்டார் என்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

பொத்தானை அழுத்தினேன்.

"அக்கா, மாமா லீவு கேட்டார்" என்றேன். "என்கிட்டதான் கேட்டார். முந்தின நாள் சாயங்காலம். முடியாதுன்னு சொன்னது நான்தான். எதுக்குன்னுகூட நான் கேக்கலை."

ஒலிபெருக்கியில் மாமாவின் பேச்சு நின்றது. திரையில் நூற்று ஒன்பது, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தேழு. வழவழா என் கையைப் பொத்தானிலிருந்து பிடுங்கப் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டது நான் இல்லை, தசமம். "விடுங்க. இனிமே அந்த அளவு எதுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓட்டம் செல்லாது என்று எழுதி, பேனாவை மூடினார். எங்கள் லாரிக்கு அவ்வளவுதான்.

அக்கா சாவிக்காக நீட்டிய கையை அப்படியே மைக்குக்குக் கொண்டுபோனாள்.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றார் மாமா.

"நிறுத்துங்க."

தூரத்துத் திருப்பத்தில் லாரி வேகம் குறைந்து ஓரங்கட்டி நின்றது. எஞ்சினை அணைத்தார். இத்தனை நாளில் அந்த அறையில் எஞ்சின் சத்தம் இல்லாமல் அவர் மூச்சு கேட்டது அப்போதுதான்.

"ஏன் சொல்லலை?" என்றாள் அக்கா. "பதினாலு மாசம். உங்களை என்னவெல்லாம் நினைச்சுட்டேன். கேட்டேன், இவ முடியாதுன்னுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"



"நீ கிளம்பிடுவேன்னு அன்னைக்குக் காலையிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "உனக்குப் போறதுக்கு இருக்கறதே உன் தங்கச்சி வீடு ஒண்ணுதான். அவளையும் உனக்கு ஆகாம பண்ணிட்டா, நீ எங்க போவ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு மாதம் அவளுக்குப் புகலிடம் கொடுத்தவள் என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த இடத்தை எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்தது யார் என்று இப்போது எட்டுப் பேருக்கு முன்னால் தெரிந்தது. என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, கைப்பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். அங்கிருந்து லாரி நின்ற இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். அவள் நடந்தே போனாள்.